டர்போ பார்க்கிற பையனை விடுதிப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள்

பத்தாம் வகுப்பு முடித்த மகன் எந்நேரமும் பழைய அமெரிக்க ராணுவ லாரிக்கு டர்போ மாட்டுகிற வீடியோக்களையே பார்க்கிறான், படிப்பில் நாட்டமே இல்லை என்று நாமக்கல் பக்கமிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். தாய்மாமன் விடுதிப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு இடம் பேசிவிட்டாராம். அப்புறம் கம்ப்யூட்டர் சயின்ஸாம். பணத்துக்கு நகை அடகுக்குப் போகிறது.

அம்மா, உங்கள் பயம் புரிகிறது. ஆனால் இந்த முடிவு தவறு. நகையை உள்ளே வையுங்கள்.

உங்கள் பையன் எழுதி அனுப்பிய கேள்விகளைப் படித்தேன். எம்35ஏ2 என்ற அந்த ராணுவ லாரிக்கு டர்போ மாட்டினால் பிஸ்டன் உருகிவிடாதா என்று கேட்கிறான். விஷயமே அதுதான். டர்போ என்பது எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுழலும் விசிறி; அது இன்ஜினுக்குள் காற்றை மட்டும்தான் கூடுதலாகத் திணிக்கும். இழுவை ஏற வேண்டுமானால் சிலிண்டர்களுக்கு டீசல் அனுப்பும் பம்பில் டீசலையும் கூட்ட வேண்டும். கூட்டினால் சூடு ஏறும். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும்; பாரத்தோடு மேடு ஏறும்போது எக்ஸாஸ்ட் சூடு 700-ஐயும் தொடலாம். ஆயிலும் தண்ணீரும் சூட்டை இழுத்துக்கொள்வதால்தான் பிஸ்டன் பிழைக்கிறது. டர்போ இல்லாத பழைய டீசல் இன்ஜின்கள் பலவற்றில் கம்ப்ரஷன் விகிதமும், அதாவது சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பதும், 20-க்கு மேல் இருக்கும். பூஸ்ட்டை, அதாவது டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தத்தை, அளவுக்கு மீறி ஏற்றினால் சிலிண்டர் மூடிக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போய்விடலாம். எக்ஸாஸ்டில் சூடு காட்டும் மீட்டர் வைக்காமல் பம்பைத் தொடவே கூடாது. அந்த லாரியின் 7.8 லிட்டர் இன்ஜினுக்கு அமெரிக்க ராணுவமே பின்னாளில் டர்போ வைத்தது, முக்கியமாகக் கரும்புகையைக் குறைக்கத்தான். இதையும் அவனே தேடி எழுதியிருக்கிறான். இவனுக்கா படிப்பில் நாட்டம் இல்லை?

அரசு ஐடிஐயில் மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் பிரிவு, 2 ஆண்டு. கல்விக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. முடித்ததும் அப்ரண்டிஸ் பயிற்சிக்குப் போகலாம். அல்லது பாலிடெக்னிக் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டு, அதை முடித்தால் பி.இ.யிலும் நேரடியாக இரண்டாம் ஆண்டு. மாமா ஆசைப்படும் பட்டம் எங்கும் ஓடிவிடாது.

நான் அவனுக்குச் சொல்வது டீசல் பம்ப் வேலை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகிற டீசலை டெஸ்ட் பெஞ்சில் அளந்து சமன் செய்வது, டீசலைத் தெளிக்கும் நாசிலின் அழுத்தம் பார்ப்பது, புது வண்டிகளில் வரும் காமன் ரயில் இன்ஜெக்டரைச் சோதிப்பது, நிமிடத்துக்கு லட்சம் சுற்றையும் தாண்டும் டர்போ ஷாஃப்ட்டை பேலன்ஸ் செய்வது. காதும் கணக்கும் சேர்ந்து வேண்டிய வேலை. லாரிகளுக்குப் பேர்போன உங்கள் ஊரை விட்டு இதற்காக எங்கும் போக வேண்டாம்.

ஒன்றில் மட்டும் நான் இளக மாட்டேன். அப்பாவின் லாரியில் அவன் டர்போ மாட்டக் கூடாது. ஆர்.சி. எனும் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும். கழித்துப்போட்ட இன்ஜின் ஒன்றை ஸ்டாண்டில் ஏற்றிக் கொடுங்கள், கழற்றி மாட்டிப் பழகட்டும்.

மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாம் எடுத்து வையுங்கள். ஐடிஐ விண்ணப்பத்தில் முதல் விருப்பத்தை அவனே நிரப்பட்டும்.