கேள்வி - பதில்: எலும்பின் அடர்த்தியும் எழுந்து நிற்கும் பலமும்

அம்மாவுக்கு 71 வயது. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் முதுகுத்தண்டில் -0.6, இடுப்பில் -1.9. ‘ஆஸ்டியோபோரோசிஸ் (எலும்புப்புரை) இல்லை’ என்கிறது ரிப்போர்ட். ஆனால் நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கைகளையும் ஊன்றுகிறார். நிம்மதியாக இருக்கலாமா?

ரிப்போர்ட்டில் தவறில்லை. இளவயதினரின் சராசரி அடர்த்தியோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்தான் டி-ஸ்கோர். அது -2.5 அல்லது அதற்கும் கீழே போனால்தான் ஆஸ்டியோபோரோசிஸ். -1-க்கும் -2.5-க்கும் இடையில் இருந்தால் அடர்த்திக் குறைவு, அவ்வளவுதான். ஆனாலும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

முதுகின் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். வயதானவர்களுக்கு முதுகெலும்பின் ஓரங்களில் முள் போல எலும்பு வளர்ந்திருக்கும். முதுகுக்கு முன்னால் ஓடும் பெருந்தமனியில் கால்சியம் படிந்திருக்கும். ஸ்கேன் இவற்றையும் எலும்பாகவே எண்ணி, அடர்த்தியைக் கூட்டிக் காட்டும். இந்த வயதில் இடுப்பின் எண்தான் நம்பகமானது.

அதைவிட என்னைக் கவலைப்படுத்துவது, அம்மா கை ஊன்றுவதுதான். இடுப்பு முறிவு 10 பேருக்கு வந்தால், அதில் 9 பேராவது கீழே விழுந்தவர்கள். லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு டி-ஸ்கோர் -2.5-ஐத் தொட்டிருக்காது. ஸ்கேன் எலும்பை அளக்கிறது. விழாமல் தாங்கும் காலை அது அளப்பதில்லை. அதை வீட்டிலேயே அளக்கலாம்.

கைப்பிடி இல்லாத, சுமார் 45 செ.மீ. உயரமுள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அம்மா கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, நிறுத்தாமல் 5 முறை எழுந்து உட்கார வேண்டும். ‘ஆரம்பிங்க’ என்றதும் கடிகாரத்தை ஓடவிட்டு, ஐந்தாவது முறை நிமிர்ந்து நின்றதும் நிறுத்துங்கள். முழங்கால் முழுதாக நிமிராமல் மறுபடி உட்கார்ந்தால் அந்த முறை கணக்கில் வராது. ஆசிய நாடுகளின் சார்கோபீனியா (வயதில் தசை குறைதல்) நிபுணர் குழு 2019-இல் வகுத்த அளவின்படி, 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் செயல்திறன் குறைவு. கை ஊன்றாமல் ஒருமுறைகூட எழ முடியாவிட்டால் நேரம் பார்க்கவே தேவையில்லை, பலம் குறைந்துவிட்டது.

நடையையும் பாருங்கள். தரையில் 6 மீட்டர் இடைவெளியில் இரண்டு டேப் ஒட்டி, முதல் டேப்புக்கு ஒரு மீட்டர் முன்பிருந்தே நடக்கவிடுங்கள். கடைசி டேப்பைத் தாண்டியும் நடக்கட்டும். இல்லாவிட்டால் முடிவில் வேகத்தைக் குறைத்துவிடுவார். வழக்கமான நடையில் 6 வினாடிக்கு மேல் ஆனால் அது மெதுவான நடை.

பயிற்சியை இப்படித் தொடங்கலாம். நாற்காலியில் கெட்டியான மெத்தை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். கை ஊன்றாமல் எழுந்து, 3 வினாடி எடுத்து மெல்ல உட்காரட்டும். 8 முறை, இரண்டு சுற்று, வாரத்தில் 3 நாள். பெரும்பாலானவர்கள் தவறுவது உட்காரும்போதுதான். தொப்பென்று விழுந்தால் பாதிப் பயிற்சி வீண். 12 முறை சுலபமாக வந்ததும் மெத்தையை எடுத்துவிடுங்கள். அதுவும் பழகியதும் கையில் எடை கொடுங்கள். நெஞ்சுவலி, தலைசுற்றல் இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

வயது 66. தினமும் 45 நிமிடம் நடக்கிறேன். எலும்பு வலுவாக இது போதாதா?

இதயத்துக்கு மிக நல்லது. எலும்பு அடர்த்தியைக் கூட்ட மட்டும் போதாது. பழகிய சுமைக்கு எலும்பு அசையாது. வழக்கத்தைவிடக் கூடுதலான, சட்டென்று விழும் சுமைக்குத்தான் எலும்பு செல்கள் விழித்துக்கொள்ளும். நீச்சலிலும் சைக்கிளிலும் உடல் எடை எலும்பில் இறங்குவதே இல்லை.

ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்கள் பயிற்சியாளர் கண்முன்னே வாரம் இருமுறை, 30 நிமிடம், கனமான எடை தூக்கினார்கள். 8 மாதத்தில் இடுப்புக்கு மேலுள்ள கீழ்முதுகில் அடர்த்தி சுமார் 3 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்தவர்களுக்கு ஒரு சதவீதம்போலக் குறைந்தது. இதைப் படித்துவிட்டு நீங்களாகவே கனமான எடையைத் தூக்கிவிடாதீர்கள். அவர்கள் முதல் மாதம் முழுக்கத் தூக்கும் முறையையே பழகினார்கள். முதுகெலும்பில் நசுங்கல் முறிவு இருந்தால், குனிந்து கால்விரலைத் தொடுவது, படுத்து எழும் வயிற்றுப் பயிற்சி இரண்டையும் விட்டுவிடுங்கள். குனியும்போது முள்ளெலும்பின் முன்பகுதியில்தான் அழுத்தம் ஏறும். உயரம் 4 செ.மீ. குறைந்திருந்தால் அது இந்த நசுங்கலாலும் இருக்கலாம், முதலில் முதுகு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

ஆறு மாதம் விடாமல் பயிற்சி செய்தேன். மறு ஸ்கேனில் இடுப்பில் 1 சதவீதம் குறைந்திருக்கிறது. எல்லாம் வீணா?

இல்லவே இல்லை. 3 முதல் 5 சதவீதத்துக்குக் குறைவான வித்தியாசத்தை ஸ்கேனால் உறுதியாகச் சொல்ல முடியாது. இடுப்பை ஸ்கேன் செய்யும்போது பாதத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டுவார்கள். அந்தக் கோணம் சற்று மாறினாலே தொடை எலும்பின் கழுத்து வேறு நீளத்தில் பதிவாகி, எண் மாறும். பழைய எலும்பு கரைந்து, அந்த இடத்தில் புதியது நிரம்ப 4 முதல் 6 மாதம் ஆகும். நீங்கள் ஒரு சுற்றுதான் முடித்திருக்கிறீர்கள். அடுத்த ஸ்கேனை ஒரு வருடமாவது கழித்து, அதே மெஷினில் எடுங்கள். அதுவரை நாற்காலிச் சோதனையை மாதம் ஒருமுறை செய்து எழுதி வையுங்கள். கால் பலம் இரண்டு மாதத்திலேயே தெரிய ஆரம்பிக்கும்.

கால்சியம் மாத்திரையை எப்போது சாப்பிடுவது?

முதியவர்களுக்கு நாளொன்றுக்குத் தேவை சுமார் 1,200 மி.கி. உணவில் கிடைப்பதைக் கழித்து, மீதிக்கு மட்டும் மாத்திரை. ஒரே நேரத்தில் 500 மி.கி.க்கு மேல் எடுத்தால் உடல் சரியாக உறிஞ்சாது. கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு. சிட்ரேட் என்றால் எப்போது வேண்டுமானாலும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரம் இடைவெளி விடுங்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.