படகுகள் ஒன்றையொன்று இழுக்குமா? ஈர்ப்பு பற்றிய கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகள் கேட்டவற்றுக்கு ஒரு பௌதிகவியல் ஆசிரியரின் பதில்கள்.

வாழைச்சேனை மாணவன்: சேர், எல்லாப் பொருளும் ஒன்றையொன்று இழுக்குமாமே. அப்படியென்றால் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிற படகுகள் ஏன் தானாக வந்து ஒட்டுவதில்லை?

பதில்: இழுக்கத்தான் செய்கின்றன தம்பி. கணக்குப் போட்டே பார்ப்போம். இரண்டின் திணிவையும் பெருக்கி, மையத்துக்கு மையம் உள்ள தூரத்தின் வர்க்கத்தால் பிரித்து, அகில ஈர்ப்பு மாறிலியால் பெருக்க வேண்டும். நியூட்டன் 1687இல் வெளியிட்ட விதியின் சாரம் இது. பலநாள் படகு இரண்டு, ஒவ்வொன்றும் 10 தொன், அதாவது 10,000 கிலோ, தூரம் 5 மீற்றர் என்று வைப்போம். 10,000ஐ 10,000ஆல் பெருக்கி 25ஆல் பிரித்தால் 40 இலட்சம். பெரிய எண்தான்! ஆனால் அந்த மாறிலி இருக்கிறதே, தசமப் புள்ளிக்குப் பின் 10 பூச்சியம் போட்டுத்தான் 667 எழுத வேண்டும். விடை 0.00027 நியூட்டன், ஏறக்குறைய ஒரு நெல்மணியின் நிறை. லேசான காற்றே அதை விழுங்கிவிடும்.

இவ்வளவு சின்ன விசையையும் 1798இல் ஆங்கிலேய விஞ்ஞானி கவெண்டிஷ் அளந்து காட்டினார். 158 கிலோ ஈயக் குண்டுகளை அறைக்குள் வைத்து, உள்ளே காற்று அசையக் கூடாதென்று வெளியே நின்று தொலைநோக்கியால் பார்த்தார். என்ன பொறுமை!

காத்தான்குடி மாணவி: இரும்பு கூடுதலாக இழுக்குமா? நடுவில் சுவர் வைத்தால் குறையுமா?

பதில்: இரண்டுமில்லை மகள். ஒரு கிலோ இரும்பும் ஒரு கிலோ பஞ்சும் ஈர்ப்புக்கு ஒன்றுதான். காந்தத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சம்மாந்துறை மாணவன்: குடும்பிமலை உச்சியில் நம் நிறை குறையுமா சேர்?

பதில்: குறையும். ஆனால் தூரத்தைத் தரையிலிருந்து எண்ணக் கூடாது. பூமியின் மையத்திலிருந்து ஏற்கெனவே சுமார் 6,370 கிலோமீற்றர் தள்ளி நிற்கிறோம். மலை அதோடு அரைக் கிலோமீற்றரைத்தான் கூட்டுகிறது. 50 கிலோ ஆளுக்கு விற்றராசு, அதாவது சுருள்வில் தராசு, 8 கிராம் அளவு குறைத்துக் காட்டும். படிக்கல் தராசில் அதுவும் தெரியாது, கல்லும் சேர்ந்தே குறைகிறதே. மெலிய நினைத்து மலையேறுபவர்கள் நடையை நம்புங்கள்.

அக்கரைப்பற்று மாணவி: இலங்கைக்குத் தெற்கே கடல் பள்ளமாக இருக்கிறதாம், உண்மையா?

பதில்: உண்மை. பூமியைத் துருவங்களில் சற்றுத் தட்டையான ஒழுங்கான கோளமாக எடுத்துக்கொண்டு பார்த்தால், அங்கே கடல்மட்டம் 100 மீற்றருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கிறது. அடியில் ஆழத்தில் பாறையின் அடர்த்தி எங்கும் ஒரேபோல இல்லை. திணிவு குறைந்த பக்கம் இழுவையும் குறைவு, நீர் மற்றப் பக்கம் ஒதுங்கிவிடுகிறது. ஆனால் கப்பலில் போகிறவருக்குச் சரிவு எதுவும் தெரியாது, அவர் கையிலுள்ள நீர்மட்டக் குழாயும் அதே ஈர்ப்புக்குத்தானே கட்டுப்படுகிறது.