விடுதியின் பின்கதவை இரவில் பூட்டலாமா?

கேள்வி: நான்கு மாடி மாணவியர் விடுதிக்குப் புதிதாகக் காப்பாளராகி இருக்கிறேன். விடுதியில் இரண்டு படிக்கட்டுகள். பின்படிக்கட்டின் கீழ்க்கதவை இரவு 10 மணிக்குப் பூட்டிவிடுவது இங்கே வழக்கம். வெளியாட்கள் நுழைந்துவிடுவார்கள் என்று பயம். சாவி காவலாளியிடம் இருக்கும். இன்னொரு சாவியைக் கதவுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் போதுமா? வளாகம் முழுமைக்கும் அவசரகாலத் திட்டம் எழுதித் தருவதாகச் சொல்லும் ஒரு நிறுவனம், அந்தக் கதவுக்கு மின்காந்தப் பூட்டு போடச் சொல்கிறது. போடலாமா?

பதில்: கண்ணாடிப் பெட்டி போதாது. மின்காந்தப் பூட்டு போடலாம், ஆனால் அவர்கள் போட்டுத் தரும் விதத்தில் அல்ல.

முதலில் சாவி. விடுதியில் தீப்பிடித்தால் மெத்தை, பிளாஸ்டிக், துணி எல்லாம் சேர்ந்து எரியும். தீ வருவதற்கு முன்பே கரும்புகை நடைவழியை நிறைத்துவிடும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு தலையைக் கிறுகிறுக்க வைக்கும். அந்த இருட்டில், பின்னால் முப்பது பேர் நெருக்கிக்கொண்டு நிற்க, முதலில் வரும் பெண் கண்ணாடியை உடைத்து, சாவியைத் தடவி எடுத்து, துவாரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நடக்கிற காரியமா? காவலாளியோ முன்வாசலில், அதாவது தீக்கு அந்தப் பக்கம் இருப்பார்.

1911-இல் நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் 146 பேர் இறந்தார்கள். ஒன்பதாவது மாடியில் ஒரு படிக்கட்டுக் கதவு பூட்டிக் கிடந்தது. திருட்டைத் தடுக்கப் பூட்டியதாம். சாவி வைத்திருந்தவர் வேறு வழியாக ஏற்கெனவே வெளியேறிவிட்டிருந்தார். நூறு வருடம் கழித்தும் அதே காரணம், அதே பூட்டு.

உங்களுக்கு வேண்டியது, வெளியிலிருந்து திறக்க முடியாத, உள்ளிருந்து ஒரே தள்ளலில் திறக்கிற கதவு. சாவி, அட்டை, கைரேகை எதுவும் கூடாது. இதற்கென்றே பேனிக் பார் என்ற தள்ளுதண்டு இருக்கிறது. கதவின் குறுக்கே இடுப்புயரத்தில் இருக்கும். உடம்பு மோதினாலே தாழ் விலகிவிடும். வெளிப்பக்கம் கைப்பிடியே இருக்காது. கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். கூடவே, திறந்தால் அலறும் மணி ஒன்றைப் பொருத்துங்கள். யாராவது உள்ளிருந்து தோழிக்குத் திறந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். மணி அலறட்டும், காவலாளி எழுந்து போய்ப் பார்க்கட்டும். அவர் வேலையே அதுதான்.

மின்காந்தப் பூட்டு, மின்சாரம் ஓடும் வரை கதவைப் பிடித்துக்கொள்ளும், நின்றால் விட்டுவிடும். இதில் தப்பில்லை. கோளாறு அதைப் பொருத்துகிறவரிடம் இருக்கிறது. ‘கரண்ட் போனாலும் கதவு பூட்டியே இருக்கும் மேடம்’ என்று பெருமையாக ஒரு பேட்டரியையும் மாட்டிக் கொடுத்துவிடுவார். மின்சாரம் போகும்போது திறக்க வேண்டிய கதவை அந்தப் பேட்டரி மூடியே வைத்திருக்கும். தீ எச்சரிக்கை மணி அடித்ததும் பூட்டு விடுபட, அந்தத் தீமணியின் கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து பூட்டுக்கு ஒரு கம்பி வர வேண்டும்; பல இடங்களில் அது வருவதேயில்லை. மணி ஒரு ஒப்பந்தக்காரருடையது, பூட்டு இன்னொருவருடையது. இருவருமே ‘அது எங்க வேலை இல்லை’ என்பார்கள். கதவருகே இருக்கும் பொத்தான் பூட்டுக்குப் போகும் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்க வேண்டும். பூட்டோடு இணைத்த வருகைப்பதிவுக் கருவியிடம் அனுமதி கேட்கிற பொத்தான் உதவாது. கருவி உறைந்துபோனால் கதவும் உறைந்துபோகும். பணம் கொடுக்கும் முன் தீமணியை அடிக்கச் சொல்லுங்கள், அப்புறம் மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். இரண்டு முறையும் கதவு தானாக விடுபட வேண்டும். நீங்களே தள்ளிப் பாருங்கள்.

இப்போது அவர்கள் ஒரு விலக்கைக் காட்டுவார்கள். ‘15 விநாடி தாமதித்துத் திறக்கலாம், சர்வதேச விதியே சொல்கிறது’ என்பார்கள். அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் வெளியிடும் என்.எஃப்.பி.ஏ. 101 விதித்தொகுப்பில் அப்படி ஒன்று இருப்பது உண்மைதான், ஆனால் அவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். கட்டடம் முழுவதும் தானியங்கித் தீ உணர்கருவியோ நீர்த்தெளிப்பானோ இருக்க வேண்டும். சமையலறையிலும் வரவேற்பறையிலும் மட்டும் இருந்தால் இந்த விலக்கு உங்களுக்கு இல்லை. அந்த உணர்கருவியோ தெளிப்பானோ இயங்கிவிட்டால் தாமதம் என்பதே கிடையாது. கதவு உடனே விடுபட வேண்டும். மின்சாரம் போனாலும் அப்படித்தான். ஆக, 15 விநாடி என்பது சும்மா யாராவது தள்ளும் சாதாரண நேரத்துக்கு மட்டும். அப்போதும் தள்ளியவுடன் ஒலி எழ வேண்டும், ஓடத் தொடங்கிய விநாடிகளை யாரும் நிறுத்த முடியக் கூடாது, 15 விநாடியில் திறக்கும் என்று கதவிலேயே எழுதியிருக்க வேண்டும். இவ்வளவும் இருந்து, உங்கள் ஊர்த் தீயணைப்புத் துறையும் எழுத்தில் ஏற்றால் போடுங்கள். ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

அந்த ‘அவசரகாலத் திட்டம்’ பற்றியும் சொல்லிவிடுகிறேன். இப்படி வரும் தடித்த புத்தகங்களில் பல, பழைய வாடிக்கையாளரின் பெயரை மாற்றி அச்சடித்தவை. மலைமேல் இருக்கும் கல்லூரியின் திட்டத்தில் கடல் சீற்றத்துக்கு ஓர் அத்தியாயம் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். எழுதிய ஆளை ஒரு நாள் இரவில் விடுதிக்குள் நடக்கச் சொல்லுங்கள். பின்கேட்டில் தீயணைப்பு வண்டி நுழையுமா, நள்ளிரவில் அதை யார் திறப்பார், இன்றிரவு யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்ற பட்டியல் யார் கையில் இருக்கும் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் புத்தகமும் வேண்டாம். தீயணைப்பான் விற்பவரே ஆபத்தையும் மதிப்பிட்டால், எந்த ஆபத்துக்கும் தீயணைப்பான்தான் மருந்தாக வரும்.

மேலிடத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள். அவர்கள் அனுப்பும் படிவத்தில் ‘திட்டம் உள்ளதா: ஆம்/இல்லை’ என்று ஒரு கட்டம் இருக்கும். கதவு திறக்கிறதா என்று கேட்க அதில் இடமில்லை. ஆய்வுக்கு வருகிற அன்று பூட்டு காணாமல் போகும், மறுநாள் திரும்பி வரும். ஒத்திகையும் அறிவித்துவிட்டு, பகல் 11 மணிக்கு, விடுதி காலியாக இருக்கும்போது நடக்கும். நீங்கள் இரவில் நடத்துங்கள். பொய்மணி அடிக்கடி அடித்தால் அதை அணைத்துவைக்காமல் உணர்கருவியைச் சரிசெய்யுங்கள். 2000 ஜனவரியில் அமெரிக்காவின் சீட்டன் ஹால் பல்கலைக்கழக விடுதித் தீயில் 3 மாணவர்கள் இறந்தார்கள். பொய்மணிகளுக்குப் பழகிப்போன பலர் அன்றும் அப்படித்தான் என்று எண்ணி அறையிலேயே இருந்துவிட்டார்கள்.

சரி, இன்றிரவுக்கு என்ன செய்வது? பூட்டை எடுத்துவிடுங்கள். தள்ளுதண்டு வரும் வரை அந்தக் கதவுக்கு உள்பக்கம் கையால் நீக்கும் தாழ் ஒன்று மட்டும் போதும், அருகே ஒரு காவலாளி உட்காரட்டும். படிக்கட்டுக்கு அடியில் பழைய மெத்தையோ சார்ஜ் ஏறும் மின்சைக்கிளோ இருந்தால் நாளைக்கே அப்புறப்படுத்துங்கள். முதல்வர் பூட்டத்தான் வேண்டும் என்றால், அதைத் தேதியோடு எழுதிக் கையெழுத்திட்டுத் தரும்படி பணிவாகக் கேளுங்கள்.