தார்ப்பாய் போட்டு மூடிய விறகு ஏன் காயவில்லை?

கேள்வி: வெட்டிய மரத்தை உருட்டுக்கட்டைகளாகவே அடுக்கி, மழை படாமல் நாலு பக்கமும் தார்ப்பாயால் மூடி வைத்தேன். ஆறு மாதம் ஆகிவிட்டது. இன்னும் அடுப்பில் வைத்தால் ஒரே புகை. கட்டையின் முனையில் நுரை தள்ளுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதல் வேலையாகத் தார்ப்பாயைக் கழற்றுங்கள். மழையைத் தடுத்த அதே பாய்தான் மரம் விட்ட ஈரத்தையும் உள்ளேயே அடைத்து வைத்திருக்கிறது. விறகைக் காய வைப்பது காற்று. வெயில் அதற்குத் துணை. ஈரக்காற்று விலகி உலர்ந்த காற்று வந்துகொண்டே இருந்தால்தான் கட்டை காயும்.

முனையில் தள்ளும் நுரை, உள்ளே கொதிக்கும் தண்ணீர். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். அப்படியான 10 கிலோ கட்டையில் ஈரம் 20 சதவீதத்துக்கு இறங்கும்போது எடை 6.25 கிலோவாகிவிடும். அதாவது 3.75 கிலோ தண்ணீர் வெளியேற வேண்டும். காற்று அதைக் கொண்டுபோகாவிட்டால் உங்கள் நெருப்புதான் ஆவியாக்கியாக வேண்டும். நெருப்பின் சூடு குறையும், புகை முழுசாக எரியாது, புகைபோக்கியில் தாராகப் படியும். அந்தப் படிவு ஒருநாள் தீப்பிடிக்கலாம். அதனால்தான் ஈர விறகை இவ்வளவு கண்டிப்பாக வேண்டாம் என்கிறேன்.

அடுத்தது, கட்டைகளைப் பிளப்பது. மரப்பட்டை ஈரத்தை எளிதில் வெளியே விடாது. நீர் பக்கவாட்டில் கசிவதைவிட நார் ஓடும் திசையில் பல மடங்கு வேகமாக வெளியேறும். எனவே அடுப்புக்கு வேண்டிய நீளத்துக்கு இப்போதே அறுத்து, 10 முதல் 15 செ.மீ. கனத்துக்குப் பிளந்துவிடுங்கள். காயும் காலத்தைப் பிளந்த நாளிலிருந்து கணக்கிடுங்கள்: மென்மரத்துக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம், கனத்த மரத்துக்கு ஒன்றிரண்டு வருடம். வெப்பமான, வறண்ட காற்று அடிக்கும் இடத்தில் இதைவிடச் சீக்கிரம் காயும்.

அடுக்கும்போது தரையில் படாமல் இரண்டு கழிகளின் மேல், ஒற்றை வரிசையாக, காற்று வரும் பக்கம் பார்த்து அடுக்குங்கள். சுவரை ஒட்ட வேண்டாம். மேலே மட்டும் கூரை போதும். சாரல் பட்டாலும் கவலையில்லை, அது மேலோடு ஈரம்தான், ஓரிரு நாளில் போய்விடும்.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? முனையில் வெடிப்பு விட்டிருப்பதைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். வெளிப்பக்கம் முந்திக் காய்ந்தாலே வெடிப்பு வந்துவிடும். அடுக்கின் நடுவிலிருந்து ஒரு துண்டை உருவி, பிளந்து, புதிய முகத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் ஈரம் இருக்கிறது. ஈரமானி வைத்திருந்தால் அதன் முள்ளையும் அந்தப் புதிய முகத்தில்தான் குத்த வேண்டும். 20 சதவீதத்துக்குக் கீழே காட்ட வேண்டும். மானி இல்லையா? மூன்று நான்கு துண்டுகளை எடை போட்டு, எடையைச் சாக்பீஸால் அதன் மேலேயே எழுதி வையுங்கள். எடை முதலில் மளமளவென்று இறங்கும். மரத்துக்குள் இருக்கும் நுண்குழாய்களில் நிற்கும் தண்ணீர் எளிதில் போய்விடும். நார்ச்சுவரில் ஊறிய மிச்சம் மெதுவாகத்தான் விலகும், பலர் அவசரப்படுவது அங்கேதான். வறண்ட பருவத்தில் வாரக்கணக்கில் எடை மாறாமல் நின்றால் எரிக்கலாம்.

பிளக்கும்போது பொடிப்பொடியாக உதிரும் கட்டை உளுத்துவிட்டது, ஒதுக்கிவிடுங்கள். அவசரத் தேவைக்கு மெல்லிய சிராய்களைத் தனியே அடுக்கினால் அவை முந்திக் காயும். ஈரக்கட்டையை எரியும் அடுப்பின் மேல் வைத்துக் காய வைப்பது மட்டும் வேண்டாம், தீப்பற்றிவிடும்.