பீரோவுக்குள் போன காது மெஷின்

வணக்கம். என் மாமனாருக்கு 72 வயது. மூன்று வருடமாகக் காது மந்தம். போன வருடம் காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். நாலு நாள் போட்டார். "பாத்திரம் உருட்டுற சத்தம்தான் கேக்குது, பேச்சு புரியல" என்று கழற்றி பீரோவில் வைத்துவிட்டார். விசேஷங்களுக்கு வருவதில்லை. சத்தமாகப் பேசினால் கோபப்படுகிறார்; மெதுவாகப் பேசினால் தன்னைப் பற்றித்தான் பேசுகிறோம் என்கிறார். வற்புறுத்துவதா, விட்டுவிடுவதா?
ம., தஞ்சாவூர்

அன்புள்ள ம.,

விட்டுவிடாதீர்கள். வற்புறுத்தவும் வேண்டாம், ஏனென்றால் அவர் சொல்லும் குறை உண்மை.

வயதால் வரும் காது மந்தத்தில் முதலில் போவது கீச்சான ஒலிகள். உயிரெழுத்துகளின் கனமான ஒலி கேட்கும், மெய்யெழுத்துகள் நழுவும். காசு, காது, காடு மூன்றையும் சொல்லிப் பாருங்கள். இரண்டாவது எழுத்தின் மெய்யொலி மட்டும்தான் வித்தியாசம், அவருக்கு மங்குவதும் அதுதான். மிச்சத்தை ஊகித்தே நாள் முழுக்கப் பேச்சைப் பின்தொடர்கிறார். விசேஷங்களுக்கு வராததும் பெரும்பாலும் அந்தக் களைப்பால்தான். நீங்கள் கத்தினால் 'கா' இன்னும் பெரிதாகும், 'சு' தெளியாது. போதாததற்கு, பழுதான காதுக்குச் சத்தம் ஓரளவுக்கு மேல் கூடினால் சட்டென்று தாங்க முடியாமல் போகலாம். கத்தும் முகம் கோபமான முகமாகவும் தெரியும்.

இனி மெஷின். முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, குரும்பி (காது அழுக்கு) அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். பிறகு ஆடியாலஜிஸ்டிடம் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) புதிதாக ஆடியோகிராம், அதாவது எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம், எடுத்து, மெஷினை அதற்கேற்ப செட் செய்யச் சொல்லுங்கள். பரிசோதனை இல்லாமல் கடையில் வாங்கிய மலிவான கருவி என்றால் எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாகத் தூக்கிவிடும், பாத்திரச் சத்தத்தையும் சேர்த்து. நல்ல மெஷினுக்கும் ஒரு தடவை செட்டிங் போதாது; இரண்டு மூன்று முறையாவது போக வேண்டும். இரண்டு காதும் மந்தமானால் பெரும்பாலும் இரண்டுக்கும் மெஷின் தேவைப்படும். ஒற்றைக் காதில் போட்டால் கூட்டத்தில் பேச்சைப் பிரித்தெடுப்பது கடினம்.

நாலு நாள் ரொம்பக் குறைவு. சில வருடமாக ஃபேன் சத்தம் சரியாகக் கேட்காத மூளைக்கு அதை ஒதுக்கிவைக்கப் பழகச் சில வாரங்கள் வேண்டும். முதல் வாரம் டிவியும் மிக்ஸியும் ஓடாத நேரத்தில், ஒரே ஒருவருடன், தினம் ஒன்றிரண்டு மணி நேரம் போதும். பிறகு கூட்டுங்கள். தன் குரலே குடத்துக்குள் பேசுவது போல இருக்கிறது என்பார். பல நாள் ஆகியும் போகாவிட்டால் ஆடியாலஜிஸ்டிடம் சொன்னால் குறைத்துத் தருவார்.

மெஷின் 'கீ' என்று கத்தினால் காதில் சரியாக உட்காரவில்லை, அல்லது குரும்பி சேர்ந்திருக்கிறது. சத்தமே வராவிட்டால் மெஷினில் ஒலி வெளிவரும் துளையின் வடிகட்டியில் குரும்பி அடைத்திருக்கலாம். அந்தச் சின்ன வடிகட்டியை மாற்றுங்கள். பட்டன் பேட்டரி போடும் வகை என்றால், ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடமாவது காற்றில் வைத்த பிறகே போட வேண்டும். காற்று பட்டால்தான் அதற்கு உயிர் வரும். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். நம் ஊர் வியர்வை மெஷினை அரித்துவிடும்.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது இதைவிட முக்கியம். சமையலறையில் இருந்தபடி குரல் கொடுக்காதீர்கள். எதிரே மூன்று நாலு அடியில், உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி நின்று, "மாமா" என்று கூப்பிட்டு, அவர் திரும்பிய பிறகு பேசுங்கள். புரியாவிட்டால் அதே வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லாமல் வார்த்தையை மாற்றுங்கள். "கரண்ட் பில் கட்டியாச்சா?" பிடிபடவில்லையா, "ஈபி ஆபீஸுக்குப் பணம் கட்டினீங்களா?" என்று கேளுங்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது அவர் "என்ன?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். சந்தேகம் முளைப்பது அந்த இடத்தில்தான். அந்தச் சிரிப்பு எதற்கு என்று இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுங்கள். பேரப்பிள்ளைகள் வாயில் 'டமாரச் செவிடு' வந்தால் அன்றே நிறுத்துங்கள்.

அடுத்த கல்யாணத்துக்கு அழைத்துப் போங்கள். மேளமும் ஸ்பீக்கரும் தூரத்தில், அவர் முதுகுப் பக்கம் இருக்கும்படி ஒரு நாற்காலி போட்டு, அவருக்குப் பிடித்த ஒருவரை எதிரே உட்கார வையுங்கள். ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, அவர் போகலாம் என்றதும் கிளம்பிவிடுங்கள்.