சனியைப் பிடிப்பது எப்படி?

கேள்வி: 70 மி.மீ. டெலஸ்கோப் வாங்கினோம், குவியத்தூரம் 700 மி.மீ. நிலா தெரிகிறது, சனி சிக்கவே மாட்டேன் என்கிறது. பெட்டியில் 525 மடங்கு என்று போட்டிருக்கிறார்களே?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: அந்த 525-ஐ மறந்துவிடுங்கள். 4 மி.மீ. கண்வில்லையோடு (கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ்) உருவை 3 மடங்கு கூடுதலாகப் பெரிதாக்கும் பார்லோ லென்ஸைச் சேர்த்துப் போட்ட வெறும் கணக்கு அது. 70 மி.மீ. லென்ஸ் அதிகபட்சம் 140 மடங்குதான் தாங்கும். அதற்கு மேல் போனால் மங்கல்தான் பெரிதாகும்.

சனி சிக்காததற்குக் காரணம் பெரும்பாலும் ஃபைண்டர், அதாவது குழாயின் மேல் குறிபார்க்க வைத்திருக்கும் சின்னத் தொலைநோக்கி. பகலிலேயே அதைச் சரிசெய்யுங்கள். அரை கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள செல்போன் டவரின் உச்சியை 25 மி.மீ. கண்வில்லையில் நடுவில் கொண்டுவந்து, குழாய் அசையாமல், ஃபைண்டரின் குறுக்குக்கோடு அதே உச்சியில் விழும்வரை அதன் திருகுகளைத் திருப்புங்கள். சூரியன் இருக்கும் பக்கம் வேண்டவே வேண்டாம். இரவில் 25 மி.மீ.யில் (28 மடங்கு) சனியைப் பிடித்து, நடுவில் நிறுத்தி, பிறகு 10 மி.மீ.க்கு மாறுங்கள். 70 மடங்கில் வளையம் தனியே தெரியும். பூமியிலிருந்து வளையம் விளிம்பாகத் தெரிகிற வருடங்களில் மட்டும் வெறும் கோடுதான்.

வெயிலில் காய்ந்த மொட்டை மாடி முன்னிரவில் வெப்பத்தைக் கக்கும், பிம்பம் நெளியும். மண் தரை உத்தமம். முக்காலியின் கால்களை முழுதாக நீட்டாதீர்கள், ஆடும்.

கண்வில்லையில் திருகும் 'சன் ஃபில்டர்' பெட்டியில் இருந்தால் குப்பையில் போடுங்கள். சூட்டில் வெடித்தால் கண் போய்விடும்.