டர்பனில் வீட்டுக் குப்பையை மக்க வைப்பதால் என்ன பலன்? நாற்றம், எலி, குரங்குத் தொல்லை வராதா?

பலன் உண்டு, முதல் காரணம் நம் மண். டர்பனின் பெரியா (Berea) மேட்டிலும் கடலோரத்தின் பல இடங்களிலும் இருப்பது சிவப்பு மணல். ஊற்றும் தண்ணீர் நிற்காது, கடையில் வாங்கிப் போடும் உரமும் அதோடு கீழே இறங்கிவிடும். மக்கு உரத்தை 5 செ.மீ. கனத்துக்குப் பரப்பி 15 செ.மீ. ஆழம் வரை கிளறிவிட்டால் ஈரமும் சத்தும் வேரருகே தங்கும். மழை குறைந்த ஜூன், ஜூலையில் கொத்தமல்லிப் பாத்தியைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று குப்பைப் பை. கறுப்புப் பையைக் குரங்கு கிழிப்பதே உள்ளே இருக்கும் பழத்தோலுக்காகத்தான். ஈரக்குப்பையைப் பிரித்துவிட்டால் பை நாறாது, குரங்கும் சீண்டாது. குப்பைமேட்டில் காற்றில்லாமல் புதையும் காய்கறிக் கழிவு, புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவாக மாறுகிறது. டர்பனின் கிளேர் எஸ்டேட் பகுதியில் 1980இல் தொடங்கிய பிசசார் ரோடு குப்பைமேட்டில் அந்த வாயுவை உறிஞ்சி மின்சாரமே எடுத்தார்கள்.

200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் போதும். அடியை வெட்டியெடுத்து, சுற்றிலும் ஒரு சாணுக்கு ஒன்றாக விரல் நுழையாத அளவில் துளை போடுங்கள். வெறும் மண்மேல் 12 மி.மீ. கம்பிவலை விரித்து அதன்மேல் நிறுத்தினால் எலி தோண்டி வராது, மண்புழு வரும். மூடியைக் கொக்கி போட்டு இறுக்குங்கள். மேலே செங்கல் வைப்பதெல்லாம் குரங்கிடம் செல்லாது.

ஒரு வாளி சமையலறைக் கழிவுக்கு இரண்டு வாளி காய்ந்த சருகு, இல்லையென்றால் கிழித்த அட்டைப்பெட்டி. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். தோலும் தேயிலைச் சக்கையும் மட்டும் கொட்டினால் குழைந்து காற்று அடைபட்டு அழுகிய முட்டை நாற்றம் வரும். கிளறி, சருகு சேர்த்தால் ஓரிரு நாளில் அடங்கும். மூக்கில் ஏறும் அமோனியா நெடி என்றால் ஈரமான பச்சைக் கழிவு அதிகம், அதற்கும் சருகுதான் மருந்து. கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு கசிய வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், கசியவே இல்லையென்றால் தண்ணீர் தெளியுங்கள். வாரம் ஒருமுறை கிளறுங்கள். கொட்டியதைச் சருகால் மூடினால் பழ ஈ வராது. தடித்த பழுப்புப் புழு நெளிந்தால் பயப்பட வேண்டாம், அது படைவீரன் ஈயின் புழு, கழிவைத் தின்று வேலையைச் சுருக்கும்.

இறைச்சி, மீன், எண்ணெய் மிதக்கும் குழம்பு, நாய்க்கழிவு வேண்டாம். புல்தரையில் படரும் கிக்கூயு புல்லின் கொடியும் வேண்டாம். ஒரு கன மீட்டர் குவியல் 55 டிகிரியைத் தாண்டிக் களை விதையைக் கொல்லும், டிரம் அவ்வளவு சூடேறாது. அந்தக் கொடி உள்ளேயே முளைத்துவிடும்.

கோடையில் மூன்று மாதம், குளிர்காலத்தில் ஐந்தாறு மாதம். கரியநிறமாகி, மழைமண் வாசனை வந்தால் தயார். கறிவேப்பிலைத் தொட்டிக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கலக்காதீர்கள். மக்காத மாங்கொட்டை, சோளக்கட்டையைச் சலித்தெடுத்து அடுத்த டிரம்மில் போடுங்கள், அதில் ஒட்டியுள்ள நுண்ணுயிர்கள் புதுக் கழிவைச் சீக்கிரம் மக்கத் தொடங்கும்.